தொண்டையில் விரல் வையுங்கள்



1888இல் இந்தத் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1936இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகி, ஆங்கிலேயருக்கே ஆங்கிலத்தில் பாடம் சொன்னார். அவர் பிறந்த ஊரில்கூட இன்றைக்கும் ஒரு பிள்ளை ஆங்கிலம் பேச எழுந்தால் வகுப்பே சிரிக்கிறது. உச்சரிப்புக்கு அஞ்சியே பல பிள்ளைகள் வாய் மூடிக்கொள்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லோரும் தொண்டையில் இரண்டு விரல்களை வையுங்கள். 'பத்து' என்று சொல்லுங்கள். நடுவில் அதிர்வு ஒரு கணம் நிற்கிறது. இப்போது 'பந்து' சொல்லுங்கள். நடுவில் நிற்கவே இல்லை! எழுத்து அதே 'து'தான். பக்கத்து 'ந்'னின் அதிர்வு அதையும் பற்றிக்கொண்டது. தெலுங்கில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. எல்லையில் வாழும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் எழுத்து ஒன்று, ஒலியை இடம் தீர்மானிக்கிறது. எந்தத் தாயும் இதைக் குழந்தைக்கு விதியாகச் சொல்லித் தந்ததில்லை.

ஆங்கிலப் பன்மையும் இதே கதைதான். 'கேட்' என்ற சொல்லின் கடைசி ஒலியில் அதிர்வு இல்லை. அதனால் 'கேட்ஸ்' வெறும் சீறலாக முடிகிறது. 'டாக்' என்பதன் முடிவில் தொண்டை அதிர்கிறது. அதனால் 'டாக்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' வண்டின் ரீங்காரமாகிறது. 'பஸ்' முன்பே சீறலில் முடிவதால் நடுவில் ஓர் உயிரொலி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த விதியை இங்கிலாந்துக் குழந்தை அறியாமலே பின்பற்றுகிறது, 'பந்து' சொல்லும் நம் குழந்தையைப் போல.

மூச்சு மிடற்றில் நின்று ஒலியாவதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் எழுதி வைத்த மொழி நம்முடையது. 'ஓர் ஊர்', 'ஒரு மலை' என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு 'ஆன் எம்எல்ஏ', 'எ யூனிவர்சிட்டி' எப்படிக் கடினமாகும்? அங்கும் காதில் விழும் முதல் ஒலிதான் கணக்கு, எழுத்து அல்ல.

ஆசிரியர்களே, தவறாகச் சொன்ன பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். விதியைச் சொல்லிக் கொடுங்கள். நாளைக்கே இறந்தகாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'வாக்ட்', 'பிளேய்ட்', 'வான்டட்' மூன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். தொண்டையில் விரல் வைத்து, எது அதிர்கிறது, எது அதிரவில்லை, எதில் ஓர் உயிரொலி கூடுகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.