மெயிலிங் லிஸ்ட் மெயிலைத் தானா பிரிக்கிறது எப்படி?

ஓப்பன் சோர்ஸ்ல இறங்கிப் பார்க்கலாம்னு லினக்ஸ் கெர்னல் மெயிலிங் லிஸ்ட்ல சேர்றீங்கன்னு வைங்க. மறுநாள் இன்பாக்ஸ்ல நூற்றுக்கணக்கான மெயில் வந்து குவிஞ்சிருக்கும். இன்டர்வியூ அழைப்பு வந்திருந்தா, அதுவும் அந்தக் குவியலுக்குள்ளதான். இதைத் தானாகவே பிரிச்சு வைக்க என்ன வழின்னு இன்னிக்குப் பேசலாம்.

நிறைய பேர் அனுப்புறவர் பெயரை வச்சு ஃபில்டர் போடுவாங்க. நியூஸ்லெட்டருக்கு அது சரி. மெயிலிங் லிஸ்ட்ல ஒவ்வொரு மெயிலும் வேற வேற ஆள்கிட்டேருந்து வரும், அதனால அது வேலைக்கு ஆகாது. சரி, தலைப்பை வச்சுப் போடலாமா? சில லிஸ்ட்கள் தலைப்புல தங்கள் பெயரைச் சேர்க்கும்; கெர்னல் லிஸ்ட் சேர்க்காது.

மாறாம இருக்கிறது ஒண்ணுதான்: லிஸ்ட்-ஐடி. மெயிலோட ஹெடர்ல, நம்ம கண்ணுக்குப் படாம இருக்கிற ஒரு வரி அது. 2001-ல ஆர்எஃப்சி 2919 இதை வரையறுத்தது. யார் அனுப்பினாலும், தலைப்பு என்னவா இருந்தாலும், அந்த லிஸ்ட் வழியா வர்ற மெயில்ல இந்த அடையாளம் ஒண்ணாவே இருக்கும்.

ஜிமெயில்ல செய்றது சுலபம். ஆனா மொபைல் ஆப்ல முடியாது, கம்ப்யூட்டர்ல பிரவுசரைத் திறங்க. லிஸ்ட்ல வந்த ஒரு மெயிலைத் திறந்து, மூணு புள்ளியை அழுத்தி, 'ஃபில்டர் மெசேஜஸ் லைக் தீஸ்' கொடுங்க. லிஸ்ட்-ஐடியை ஜிமெயிலே நிரப்பிடும். அடுத்து 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்', அதோட ஒரு லேபிள். ஃபோல்டருக்குப் பதிலா ஜிமெயில்ல லேபிள்தான். அவுட்லுக்ல ரூல் போடும்போது, ஹெடர்ல இருக்கிற சொல்லை வச்சுப் பிரிக்கிற வசதி இருக்கு; அங்கே லிஸ்ட்-ஐடியைக் கொடுங்க.

இங்கேதான் கவனமா இருக்கணும். நீங்க ஒரு பேட்ச் அனுப்புறீங்க. அதைப் படிச்சவர் 'ரிப்ளை ஆல்' கொடுத்துப் பதில் எழுதுறார். கெர்னல் லிஸ்ட்ல அதுதான் வழக்கம். 'இந்த வரியை மாத்தி திரும்ப அனுப்புங்க'ன்னு கேட்கிறார். உங்க ஃபில்டர் அதையும் தூக்கி லேபிளுக்குள்ள போட்டுடலாம். நீங்க ரெண்டு வாரம் கழிச்சுப் பார்க்கிறீங்க. அதுக்குள்ள, இவருக்கு ஆர்வம் போயிடுச்சுன்னு அவர் நினைச்சிருப்பார்.

அதனால ஃபில்டர்ல ஒரு விலக்கு சேருங்க. லிஸ்ட்-ஐடிக்குப் பக்கத்துலயே ஒரு இடைவெளி விட்டு, மைனஸ், டு, கோலன், உங்க மெயில் முகவரி. அதே மாதிரி சிசிக்கும் ஒண்ணு. இனி உங்க முகவரி போட்டு வர்ற பதில் இன்பாக்ஸ்லயே நிக்கும். மத்தவங்க பேச்சு மட்டும் லேபிளுக்குப் போகும்.

கடைசியா ஒண்ணு. ஒரு லேபிளை ஒரு மாசமா திறக்கவே இல்லைன்னா, அந்த லிஸ்ட்லேருந்து விலகிடுங்க. அதுக்கான ஹெடர் 1998-லயே வந்துடுச்சு. பெரும்பாலும் அனுப்புறவர் பெயருக்குப் பக்கத்துலயே 'அன்சப்ஸ்கிரைப்' தெரியும்.

இன்னிக்கு ஒரே ஒரு லிஸ்ட்டுக்குப் போட்டுப் பாருங்க. சரியா வேலை செஞ்சா மத்ததுக்கும் போடலாம்.