சுண்ணாம்பும் கடற்பாசியும்



கடலை அடுத்து வாழ்கின்ற நமக்குச் சுவர் பொரிந்து உதிர்வது புதிய செய்தியன்று. நற்பிட்டிமுனையிலோ கல்முனையிலோ பழைய கட்டிடம் ஒன்றின் அடிச்சுவரைப் பாருங்கள்; வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும். தடவினால் காரை பொடியாய் விழும். உவர் ஏறிவிட்டது, கொத்தியெறிந்து சீமெந்து பூசுவோம் என்கிறோம். அவ்வாறு செய்யுமுன் ஒரு சங்கதியை ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

சுவருக்குள் நடப்பது பளிங்கு வளர்ச்சியே. மண்ணிலிருந்து மேலேறும் ஈரம் உப்பைச் சுமந்து வருகிறது; ஈரம் காய்ந்ததும் உப்பு பளிங்காய்க் கட்டுகிறது. செங்கல்லின் நுண்துளைக்குள் அது வளருமானால், பக்கங்களை நெருக்கித் தள்ளி உடைத்துவிடும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். தான் உதிர்ந்து செங்கல்லைக் காக்கும். அடர்ந்த சீமெந்துப் பூச்சோ ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்; உப்பு அதன் முதுகுப்புறத்தில் வளர்ந்து செங்கல்லையே தின்னும்.

ஆனால் சுண்ணாம்பு இறுகுவதும் பளிங்கு வளர்ச்சியாலேதான் என்பது வேடிக்கை. மட்டியைச் சுட்டு நீற்றினால் கிடைக்கும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல உட்கொண்டு கல்சியங் காபனேற்றுப் பளிங்காகிறது. சுட்டழித்த மட்டியின் பொருளே மீண்டும் சுவரில் கல்லாகிறது. எனினும் மட்டி ஓட்டின் உறுதி சுவருக்கு வருவதில்லை. ஏன்? மட்டி தன் ஓட்டைக் கட்டும்போது சிறிதளவு புரதமும் பசையும் கலந்து, பளிங்கு எங்கே தொடங்குவது, எத்திசையில் வளர்வது, எங்கே நிற்பது என்று ஆணையிடுகிறது. வெறுஞ் சுண்ணாம்பில் அவ்வாறு ஆணையிட ஆளில்லை.

நம் முன்னோர் சாந்தில் கடுக்காய் நீரும் சர்க்கரையும் சேர்த்தனர். சீனர் பசையரிசிக் கஞ்சி சேர்த்தனர். அக்கஞ்சியிலுள்ள மாப்பொருள் பளிங்கை அளவு மீறி வளரவிடாது தடுத்து, சிறுசிறு பளிங்குகளாய் நெருங்கி அமையச் செய்கிறது என்று 2010இல் செஜியாங் பல்கலைக்கழகத்தார் எழுதினர். யப்பானியரோ கடற்பாசியைக் காய்ச்சிய பசையைச் சுண்ணாம்பிலும் சணல் நாரிலும் கலந்து சிக்குயி என்னும் வெண்காரை செய்தனர். 2009 முதல் 2015 வரை திருத்தப்பெற்ற ஹிமெஜி கோட்டையின் வெண்மை அக்காரையின் வெண்மையே.

கடற்பாசி என்றவுடன் நோன்பு காலத்தில் அயல் முஸ்லிம் வீடுகளிலிருந்து தட்டில் வரும் இனிப்பு பலருக்கு நினைவு வரும்! அதை உறையச் செய்வது செம்பாசியின் அகர். கபிலப் பாசியிலிருந்து வருவது அல்ஜினேற்று. 1881இல் ஸ்ரான்போர்ட் என்னும் பிரித்தானிய இரசாயனர் கண்டது. இவை பல்பகுதியங்கள், அதாவது சிறு கூறுகள் சங்கிலியாய்க் கோத்த நீண்ட மூலக்கூறுகள். அல்ஜினேற்றுச் சங்கிலியின் மறையேற்றம் கல்சியத்தை இறுகப் பற்றும். நீரில் கரைந்து திரியும்போது அது பளிங்கின் முகத்தில் ஒட்டி வளர்ச்சியைத் தடுக்கும். கூழாய் உறைந்து நின்றாலோ கல்சியத்தைத் திரட்டிப் பளிங்கு பிறக்க இடங்கொடுக்கும்.

இன்றைய ஆய்வுகூடங்களில் இதே வேலைக்குக் காபன் நனோகுழாயையும் வைத்துப் பார்க்கின்றனர். 1991இல் சுமியோ இஜிமா விளக்கிய இக்குழாய், பென்சிற்கரியின் படலத்தைச் சுருட்டியது போன்றது. ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் ஏறத்தாழ ஒரு நனோமீற்றர், மீற்றரில் நூறு கோடியில் ஒரு பங்கு. பசை வளைந்து கொடுக்கும். குழாய் பந்தற்கால் போல் நிற்கும், பளிங்கு கொடியாய்ப் பற்றும். 2009இல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தார், சீமெந்து இறுகும்போது அதன் விளைபொருள்கள் குழாய்களின் மேல் வளர்வதைக் காட்டினர். நீரில் இக்குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டுவிடும். அவற்றைப் பிரித்து வைக்க அல்ஜினேற்றே உதவுகிறது. ஆயினும் விலையாலும், தூளாய் மூச்சில் புகுந்தால் கேடென்னும் அச்சத்தாலும், நம் ஊர் மேசன் தொடும் பொருளன்று இது.

2006இல் ஜேர்மனியின் திரெஸ்தன் ஆய்வாளர் பழைய தமாஸ்கஸ் வாளொன்றில் நனோகுழாய் கண்டனர். அவ்வகை வாளுக்கு இந்திய உருக்குச் சென்றது. உடனே முன்னோர் நனோ விஞ்ஞானம் கற்றிருந்தனர் என மேடையில் முழங்குவோரும் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. கொல்லன் அறிந்தது உலையின் பக்குவம்; அதுவே போதிய பெருமை.

நாமும் பக்குவம் பார்ப்போம். மட்டிச் சுண்ணாம்பும் உப்பற்ற ஆற்றுமணலும் கொண்டு மூவகை வில்லைகள் செய்யுங்கள்: ஒன்றில் வெறும் நீர், ஒன்றில் கடுக்காய் ஊறிய நீர், ஒன்றில் நன்கு கழுவிக் காய்ச்சிய கடற்பாசிக் கஞ்சி. பசை மிகக் குறைவாகவே இருக்கட்டும். கூடினால் இறுகுவது தாமதமாகிப் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று மாதம் நிழலில் வைத்து உடைத்து, பாடசாலை ஆய்வுகூடத்துப் பினோத்தலின் ஒரு துளி விடுங்கள். இளஞ்சிவப்பு ஏறுமிடம் இன்னும் சுண்ணாம்பு. நிறமேறாத இடம் கல்லாகிவிட்டது. கூடவே இரண்டு பழைய செங்கற்களை எடுத்து, ஒன்றுக்குச் சீமெந்தும் மற்றதற்குச் சுண்ணாம்பும் பூசி, அடி நனைய உப்புநீரில் நிறுத்தி வையுங்கள். எந்தக் கல் முதலில் பொரிகிறதெனத் திகதியிட்டுக் குறித்து வந்தால், சுவரைக் கொத்துவதா விடுவதா என்பதை அக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்திலே பேசலாம்.