வேடரின் அம்பு



கதிர்காமத்து வள்ளியம்மையை வேடர் மகளென்று வணங்கும் நாம், நமுனுகுல மலை நிற்கும் இதே பதுளை மாவட்டத்தில், தம்பானையில் வாழும் வேடரின் அம்பை அறிந்தோமா?

காட்டுக் கொம்பைச் சீவி நேராக்கி, அடியில் இறகு கட்டுவர். இறகு காற்றில் தடைபடுவதால் அம்பின் பின்புறம் அலையாது. முனை நேரே பாயும். இரும்பு முனை மட்டும் கொல்லன் வேலை. இறைச்சியையும், வேண்டிய வடிவில் நறுக்கிய இலையையும் இரவில் அவன் பட்டறையில் தொங்கவிட்டுச் செல்வராம். 1681 இல் வெளிவந்த நூலில் றொபேட் நொக்ஸ் எழுதியது. ஒரு வார்த்தை பேசாமல் வியாபாரம்!

இரும்புக்கு முன் எலும்பு. களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் கிடைத்த, அம்புமுனைகளெனக் கருதப்படும் எலும்புகள் சுமார் 48,000 ஆண்டுப் பழமையானவை என 2020 இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

1983 இல் வேடரின் காடு மாதுறு ஓயா தேசியப் பூங்காவாயிற்று. அங்கே வேட்டையும் குற்றமாயிற்று. இன்று தம்பானையில் அந்த அம்பு, பார்க்க வருவோருக்காக எய்து காட்டப்படுகிறது.