எச்சரிக்கை வேடத்தில் வரும் பொய்



ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நம் வியாபாரிகளின் கணக்கும் ஜி.எஸ்.டி. பில்லும் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டன. "பயங்கர வைரஸ்! எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று ஒரு மெயில் வந்தால் என்ன செய்கிறோம்? மறுநிமிடமே நாலு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். நன்மை செய்த திருப்தி வேறு!

2002-ல் இப்படி ஒரு மெயில் உலகையே சுற்றியது. கரடி பொம்மைப் படம் போட்ட ஃபைல் உங்களிடம் இருக்கும், அது வைரஸ், 14 நாள் பதுங்கியிருந்து நாசம் செய்யும், அழித்துவிட்டு மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றது. தேடினார்கள். கரடி இருந்தது! இருக்காதா பின்னே? மைக்ரோசாஃப்ட் நிறுவனமே விண்டோஸில் வைத்த ஃபைல் அது. வைரஸ் எதுவும் இல்லை. தம் பொருளைத் தம் கையாலேயே அழித்தார்கள்.

தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்குர்ஆன் (49:6) கட்டளையிடுகிறது. நம் சமுதாயத்தின் மீது வதந்தி பரப்புவோருக்கு இந்த வசனத்தை மேடைதோறும் எடுத்துச் சொல்கிறோம். நமக்கு வரும் மெயிலுக்கு மட்டும் அது பொருந்தாதா?

இன்று திரையில் திடீரென எச்சரிக்கை தோன்றும், கீழே போன் நம்பர் இருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள் என நடித்து இப்படி ஏமாற்றிய கால்சென்டர்கள் மீது 2023 அக்டோபரில் சி.பி.ஐ. பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. அந்த நம்பருக்குப் பேசாதீர்கள். சொல்லும் ஆப்பை ஏற்றாதீர்கள். பிரவுசரை மூடிவிட்டு, உங்களிடமுள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளை நீங்களே திறந்து சோதியுங்கள். பணம் போய்விட்டதா? கடைவீதியில் மானம் போகுமே என்று மறைக்காமல், உடனே 1930-க்குப் பேசுங்கள்.