உள்ளே வைப்பதும் அமானிதம்தான்

(நமது அறக்கட்டளையின் மகளிர் தையல் பயிற்சி நிறைவு நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)



மதிப்பிற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, பயிற்சியை முடித்திருக்கும் சகோதரிகளே, அவர்களை ஆர்வமூட்டி அனுப்பி வைத்த குடும்பத்தாரே!

இன்று சான்றிதழ் வழங்குகிறோம். தகுதியுள்ளோருக்கு ஜகாத் நிதியிலிருந்து தையல் மெஷினும் வழங்குகிறோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மெஷின் மட்டும் ஒரு குடும்பத்தை நிமிர்த்திவிடாது. மூலையில் துணி போட்டு மூடி வைத்த மெஷின்களையும் நாம் பார்க்கிறோம். முதல் சட்டை தைக்கக் கொடுத்தவர் இரண்டாவது சட்டையைக் கொண்டு வராததுதான் பல வீடுகளில் அதற்குக் காரணம். அவரைத் திரும்பி வரவிடாமல் செய்வது பெரும்பாலும் காலர்.

நம் ஊர்க்காரர்களுக்குத் துணியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய காலத்திலிருந்து கோவை பஞ்சோடும் நூலோடும் வாழ்கிற ஊர். பக்கத்திலேயே திருப்பூர். ஒப்பணக்கார வீதியில் ரெடிமேடு சட்டை வாங்கிப் பழகிய கண்கள், நீங்கள் தைத்த சட்டையையும் அதே கண்ணால்தான் பார்க்கும். அந்தக் காலர் விறைப்பாக நிற்பது உள்ளே வைத்திருக்கும் கேன்வாஸால். காலர், கஃப், பட்டன் பட்டி மூன்றுக்கும் அதுவே முதுகெலும்பு. நம் ஆண்கள் அணியும் ஜுப்பாவின் நிற்கும் காலரும் நெஞ்சுப் பட்டியும் அப்படித்தான்.

முன்பு பக்ரம் வைத்துத் தைத்து, கஞ்சி போட்டு விறைப்பாக்கினார்கள். இப்போது ஒட்டுக் கேன்வாஸ் வந்துவிட்டது. கம்பெனிகளில் இதைப் பியூசிங் என்பார்கள். இதில் ஒரு பக்கம் தொட்டால் சொரசொரப்பாக, வெளிச்சத்தில் மினுமினுப்பாக இருக்கும். அதுதான் பசை. சூடு பட்டால் உருகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். சட்டைக் காலருக்கு நெய்த காட்டன் கேன்வாஸே நல்லது. பேப்பர் கேன்வாஸ் மலிவு. ஆனால் அடிக்கடி துவைக்கும் சட்டைக் காலரில் அது சீக்கிரம் துவண்டுவிடும்.

உங்கள் பயிற்சி ஆசிரியை சொல்லித்தந்ததை நினைவூட்டுகிறோம். காட்டன் துணியை முதலில் நனைத்து உலர்த்துங்கள். துணி சுருங்கி, கேன்வாஸ் சுருங்காமல் நின்றால் முதல் சலவையிலேயே காலரில் கொப்பளம் எழும். கேன்வாஸை காலர் துணியின் வாட்டத்திலேயே வெட்டுங்கள். தடித்த கேன்வாஸானால் தையலுக்கு விடும் துணி அளவை அதில் விடாதீர்கள். விட்டால் ஓரம் மொத்தமாகிவிடும். வெட்டி மிஞ்சிய துண்டில் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள். பாலியஸ்டர் கலந்த துணிக்கு இது மிகவும் அவசியம்.

ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காதீர்கள். மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு, பெட்டியை வைத்து அழுத்துங்கள். பத்துப் பதினைந்து எண்ணும்வரை பொறுத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். ஆறும்வரை கையில் எடுக்காதீர்கள். சூட்டிலேயே எடுத்தால் பசை பிடி விட்டுவிடும். காலர் முனையைத் திருப்பும் முன் மூலைத் துணியை நறுக்கிக் குறையுங்கள். முனை கூர்மையாக வரும்.

இதெல்லாம் தெரிந்த சகோதரிகூட ஏன் மட்டமான கேன்வாஸை வைக்கிறார்? இந்தக் கேள்வியை இங்கே அமர்ந்திருக்கும் நம் எல்லோரிடமும் கேட்கிறோம். ஜவுளிக்கடையில் சீட்டில் போட்ட விலையைப் பேசாமல் கொடுக்கிற நாம், பக்கத்து வீட்டுச் சகோதரியிடம் தையல் கூலிக்குப் பேரம் பேசுகிறோம். "நமக்குத் தெரிந்த பிள்ளைதானே, குறைத்துக் கொள்ளும்மா" என்கிறோம். கூலியைக் குறைத்தால் அவர் எதைக் குறைப்பார்? நூலைக் குறைக்க முடியாது. பட்டனைக் குறைத்தால் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கேன்வாஸைத்தான் குறைப்பார். சில ரூபாய் மிச்சமாகும். அவருடைய பெயர் போய்விடும்.

சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது, மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டு, ஏமாற்றுவதைக் கடுமையாக எச்சரித்தார்கள். காலருக்குள் இருப்பதும் அப்படித்தான். வாங்குபவர் அதைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. உங்களை நம்பித்தான் அணிகிறார். கொடுக்கும் கூலிக்கு நல்ல கேன்வாஸ் கட்டாது என்றால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மட்டமானதை வைப்பது நம் தொழிலுக்குப் பரக்கத் தராது.

தையல் சிறிய தொழிலல்ல. தமிழகத்தில் சத்துணவு சாப்பிடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவசச் சீருடையைச் சமூக நலத்துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் பெண்களே தைத்துத் தருகிறார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு மெஷினில் உட்காரும் பெண்களை நம்பி அவ்வளவு பெரிய வேலை நடக்கிறது. உங்கள் கையையும் நம்பி வேலை வரும், இன்ஷா அல்லாஹ்.

நமது பங்குக்கு, நல்ல காட்டன் கேன்வாஸை ரோலாக வாங்கிப் பயிற்சிக் கூடத்தில் வைக்கிறோம். வேண்டிய அளவு வெட்டி, வாங்கிய விலைக்கே தருவோம். ரமலானில் பெருநாள் ஆர்டர் குவியும்; அதற்கு முன்பே வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். ஜமாஅத்தாரிடம் எங்கள் வேண்டுகோள்: இந்தப் பெருநாளுக்கு ஒரு ஜுப்பாவாவது இந்தச் சகோதரிகளிடம் தைக்கக் கொடுங்கள். கூலியை முதலிலேயே பேசுங்கள். சட்டையை வாங்கும்போதே கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்று ஜகாத் பெறும் இந்தக் கைகள் நாளை ஜகாத் கொடுக்கும் கைகளாக வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.