தமிழ்த் தரவுத்தளம் ஏன் தாமதிக்கிறது?



கேரித் தீவு போன்ற தோட்டப்புறங்களில் வழங்கும் பெரட்டு, கிராணி, மண்டோர், செக்ரோல் முதலிய சொற்களைத் திரட்டிக் கணினியில் ஏற்றவேண்டும் என்னும் ஆர்வம் இன்று பள்ளிகளிலும் எழுந்துள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் தொகுப்பு வளர வளரத் தேடல் மெதுவாகும்போது, "தமிழெழுத்து கணினிக்குச் சுமை, ரோமன் எழுத்தில் பதிந்துவிடுவோம்" என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். நோய் எதுவென்று அறியாமல் சொல்லப்படும் மருந்து இது. நோயை எப்படிக் கண்டறிவது என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் அச்சுமையை எடைபோட்டுப் பார்ப்போம். யு.டி.எஃப்-8 முறையில் ஒருங்குறித் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு இடம் கொள்கிறது. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று, குறியீடு ஐந்து, ஆகவே 15 பைட்டு. ரோமன் எழுத்தில் அதே சொல் 5 பைட்டில் அடங்கும். மும்மடங்கு என்பது உண்மையே. ஆனால் நூறாயிரம் தலைச்சொற்கள், சொல்லுக்குப் பத்துக் குறியீடு என்று கொண்டாலும் மொத்தம் 30 இலட்சம் பைட்டு, அதாவது ஏறத்தாழ 3 மெகாபைட்டுதான். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தின் அளவு அது. இச்சிறு சுமை ஒரு கணினியைத் தள்ளாட வைக்காது. எனவே காரணம் வேறிடத்தில் இருக்கவேண்டும்.

தரவுத்தளத்தில் நாம் கேட்கும் கேள்வியை ஒரு பகுதி புரிந்துகொள்கிறது. தரவை வட்டில் வைத்து எடுத்துத் தருவது மற்றொரு பகுதி. பின்னதைச் சேமிப்புப் பொறி என்கிறோம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 2010 முதல் இயல்பாக அமைந்திருப்பது இன்னோடிபி என்னும் பொறி. பின்லாந்தைச் சேர்ந்த ஹெய்க்கி டூரி உருவாக்கியது. அது தரவை 16 கிலோபைட்டுப் பக்கங்களாகப் பிரித்து வைக்கிறது; அடிக்கடி தேவைப்படும் பக்கங்களை நினைவகத்தில் ஒரு தேக்கத்தில் வைத்துக்கொள்கிறது. அத்தேக்கத்தின் இயல்பான அளவு 128 மெகாபைட்டு. வேண்டிய பக்கம் அங்கிருந்தால் விடை உடனே வரும். இல்லையேல் வட்டுக்குப் போய்வர வேண்டும்.

இனி அடைவு என்னும் கருத்துக்கு வருவோம். நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகை முறையில் அடுக்கியது. செய்யுள் இயற்றுவோர்க்கு அதுவே வேண்டியிருந்தது. 1594இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைக் கைக்கொண்டது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வாயில்களைத் திறந்தது. ஓர் அடுக்குமுறை ஒருவகைக் கேள்விக்கே விரைந்து விடை தரும் என்பது இவற்றால் விளங்கும்.

தரவுத்தள அடைவும் அத்தகையதே. 'தோட்டம்' என்று தொடங்கும் சொற்களைக் கேட்டால் பொறி நேரே உரிய பக்கத்துக்குச் செல்லும். பூந்தோட்டம், பழத்தோட்டம், செம்பனைத்தோட்டம் என 'தோட்டம்' என்று முடியும் சொற்களைக் கேட்டால், அவ்வடைவைக் கொண்டு இடத்தைக் குறுக்க இயலாது. பதிவுகள் அனைத்தையும் படித்தாக வேண்டும். சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதிய ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, அதற்கும் அடைவு அமைத்தால் இக்குறை தீரும்.

அகரவரிசையிலும் ஓர் இடர் உண்டு. ஒருங்குறி எண்வரிசையில் புள்ளி, உயிர்க்குறிகளுக்குப் பின் வருகிறது. அதையே நம்பி அடுக்கினால் அகம், அகாலம், அக்கா என்று வரும். அகராதி முறையோ அக்கா, அகம், அகாலம் என்பது. இதைச் சீராக்க, ஒவ்வொரு தேடலின்போதும் சொற்கள் முழுவதையும் வெளியே எடுத்து மென்பொருளில் மறுபடி அடுக்குவோர் உளர். பத்துச் சொற்களைக் காட்டப் பட்டியல் முழுவதையும் இறக்கும் வேலை அது. சரியான வரிசைக்குரிய குறியை ஒருமுறை கணக்கிட்டுப் பதிந்து, அதற்கு அடைவு அமைப்பதே முறை.

மூன்றாவது காரணம் பூட்டு. இன்னோடிபி, திருத்தப்படும் வரியை மட்டும் பூட்டும் இயல்புடையது. ஆனால் திருத்தக் கட்டளைக்கு உதவும் அடைவு இல்லையென்றால், இயல்பான அமைப்பில், அது தேடிப் பார்க்கும் வரிகளையெல்லாம் பூட்டிவிடுகிறது. இருபது மாணவர் ஒருங்கே பதிவேற்றும் வேளையில் ஒருவர் பணி முடியும்வரை மற்றவர் காத்திருப்பர். இயல்பாக 50 நொடி காத்தபின் பிழைச்செய்தி வரும். இங்கே கணினி உழைக்கவில்லை, காத்திருக்கிறது. நினைவகத்தைப் பெருக்கினாலும் இந்நோய் தீராது.

ஆகவே ஆராயும் ஒழுங்கு இது. மெதுவான வினவல்களின் பதிவேட்டை இயக்கி, எந்தக் கேள்வி தாமதிக்கிறது என்று காண்க. அதன் வரம்பு இயல்பாகவே 10 நொடி. ஒரு நொடிக்குக் குறைத்துக்கொள்ளலாம். அக்கேள்வியின் முன் 'எக்ஸ்பிளெயின்' என்னும் கட்டளையை இட்டால், அடைவு பயன்படுகிறதா, எத்தனை வரிகள் பார்க்கப்படலாம் என்பது தெரியும். பக்கங்கள் எத்தனை முறை கேட்கப்பட்டன, அவற்றுள் எத்தனை முறை வட்டுக்குப் போக நேர்ந்தது என்னும் இரு எண்ணிக்கைகளை ஒப்பிட்டால் தேக்கம் போதுமா என்பது விளங்கும். பொறியின் நிலை அறிக்கை பூட்டுக்காகக் காத்திருப்போரைக் காட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளந்து பார்க்கவேண்டும்.

மாணவர்களே, ரோமன் எழுத்தில் பதிந்தாலும் அடைவில்லாத் தேடல் அடைவில்லாத் தேடலே, பூட்டும் பூட்டே. விரைவு கிட்டாது, ஆனால் ல, ள, ழ வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் மங்கிப்போகும். தோட்டத்து முதியோர் ஒரு சொல்லை எப்படி ஒலித்தார் என்பதைப் பின்னர் மீட்க வழியிராது. தாமதத்தை எந்நாளும் சரிசெய்யலாம். தொலைந்த வேறுபாட்டை அவ்வாறு மீட்க இயலாது. எனவே தமிழிலேயே பதியுங்கள். தாமதம் வந்தால் அளந்து காரணம் காணுங்கள்.