தாராவியின் பழந்தாளும் சரக்கு ரயிலும்

மும்பையின் தாராவிக்கு மேற்கே மாகிம் ரயில் நிலையமும் கிழக்கே சயான் நிலையமும் அமைந்துள்ளன. தெற்கே மாட்டுங்காவில் 1915இல் நிறுவப்பட்ட ரயில் பெட்டிப் பணிமனை இயங்கி வருகிறது. இருபுறமும் இருப்புப் பாதை சூழ்ந்த இப்பகுதியில் நாள்தோறும் தரம் பிரிக்கப்படும் பழந்தாளோ லாரியில்தான் ஆலைக்குச் செல்கிறது. பாதை அருகிருந்தும் சரக்கு அதை நாடாதது ஏன் என்ற வினா, போக்குவரத்துப் பொருளாதாரம் பயிலும் மாணவர்களும் திட்டமிடும் அலுவலர்களும் ஒருங்கே சிந்திக்க வேண்டியதாகும்.

விலையும் கட்டணமும்

மும்பையில் 'ரத்தி' எனப்படும் பழைய காகிதம், செய்தித்தாள், அட்டைப்பெட்டி, வெள்ளைத்தாள் என வகை பிரிக்கப்பட்டுப் பொதிகளாகக் கட்டப்படுகிறது. மும்பைக்கு வடக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குஜராத்தின் வாபி, இத்தகைய காகிதத்தை மூலப்பொருளாகக் கொள்ளும் ஆலைகள் மிகுந்த ஊராகும்.

பழந்தாள் எடை குறைந்தது, இடத்தை அடைப்பது, மலிவானது. ஆலை தரும் விலையிலிருந்து போக்குவரத்துச் செலவும் இடைத்தரகும் கழிந்து எஞ்சுவதே, குப்பையில் காகிதம் பொறுக்குபவருக்கும் அதனைப் பிரிக்கும் தொழிலாளிக்கும் கிடைக்கிறது. கட்டணம் உயரும்போது பேரவலிமையற்ற இவர்களது பங்கே முதலில் குறைகிறது.

முழு வண்டிக் கொள்கை

முற்காலத்தில் ஒரு வணிகர் ஏறத்தாழ 22 டன் கொள்ளும் ஒற்றை வேகனைப் பதிவு செய்து அனுப்ப இயன்றது. வழியிலுள்ள யார்டுகளில் வேகன்களைக் கழற்றிக் கோப்பதில் நாட்கள் வீணாயின. ஆகவே 1980களில் ரயில்வே சில்லறைச் சரக்கைக் குறைத்து, ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்கும் முழு வண்டிகளில் கவனம் செலுத்தியது. நிலக்கரி, இரும்புத்தாது, சிமெண்ட், உணவு தானியம் ஆகியவற்றிற்கு இம்முறை பெரும் பயன் அளித்தது.

சிறிய ஆலையின் நிலை வேறு. தானியம் ஏற்றும் மூடுவேகன்களைக் கொண்ட ஒரு முழு வண்டி ஏறத்தாழ 2,500 டன் சுமக்கும். பழந்தாள் அதில் பாதியே ஏறும் எனக் கொண்டாலும் 1,250 டன் ஆகிறது. நாளொன்றுக்கு 50 டன் பயன்படுத்தும் ஆலைக்கு இது 25 நாள் இருப்பாகும். அத்தனை காகிதத்தையும் மழையிலும் தீயிலும் இருந்து காக்கக் கிடங்கு வேண்டும். அதில் முடங்கும் முதலுக்கு வட்டியும் வேண்டும்.

1950-51இல் நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் 85 சதவீதத்திற்கும் மேல் பெற்றிருந்த ரயில்வேயின் பங்கு, தேசிய ரயில் திட்டத்தின் கணக்கில் 27 சதவீதமாகச் சுருங்கியது. அதனை 2030க்குள் 45 சதவீதமாக உயர்த்துவது அத்திட்டத்தின் இலக்கு. நிலக்கரியை மட்டும் நம்பி இவ்விலக்கை எட்ட இயலாது.

தேவனார் தரும் பாடம்

1899 முதல் மும்பை மாநகராட்சி நகரக் குப்பையை ரயிலில் ஏற்றிச் செம்பூரை அடுத்த தேவனாருக்கு அனுப்பியது. காகிதத்தினும் மலிவான அச்சரக்கை ரயில் சுமக்க முடிந்ததற்குக் காரணம், அனுப்புநர் ஒருவர், சேருமிடம் ஒன்று, அளவு நாள்தோறும் நிச்சயம் என்பதே. தாராவியிலோ அனுப்புநர் பலர், ஒவ்வொருவரிடமும் உள்ளது சில டன் மட்டுமே. ஆகவே இல்லாதது பாதையன்று, சரக்கை ஒன்றுசேர்க்கும் ஏற்பாடே ஆகும்.

இதற்கான கருவிகள் உள்ளன. 1988இல் தோன்றிய கன்டெய்னர் கழகம் பலரது சரக்கை ஒரே வண்டியில் இணைக்கும் வழியைத் திறந்தது. 2021 டிசம்பரில் வெளியான கதி சக்தி சரக்கு முனையக் கொள்கை, தனியாரும் முனையங்கள் அமைக்க இடமளித்தது. பழந்தாள் வணிகர்கள் கூட்டுறவாக இணைந்து, வாரந்தோறும் குறித்த அளவை உறுதி செய்தால் அவர்களும் இவற்றைப் பயன்படுத்த இயலும்.

வாபி போன்ற அண்மை ஊர்களுக்கு லாரியே சிக்கனமானது. ஏற்றி இறக்கும் செலவு இருமுறை நேர்வதால், குறுகிய தொலைவில் ரயில் போட்டியிட இயலாது. தொலைவிலுள்ள சிற்றூர் ஆலைகளுக்கோ ரயில் கைகொடுக்கும். அவ்வாலைகளும் மும்பைச் சந்தையில் வாங்க முன்வந்தால் போட்டி பெருகும், விலையும் உயரும். காகிதம் பொறுக்கும் கைக்கு அவ்வுயர்வில் ஒரு பங்கு சென்று சேருமாயின், அதுவே சரக்கு ரயில் ஆற்றும் உண்மையான வளர்ச்சிப் பணியாகும்.